குருத்தில் நின்ற தண்ணீர்

மார்ச் 3

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் நலமா? அக்காவின் இடுப்பு எலும்பு கூடிவிட்டதா, தடியோடு நடக்கிறாரா என்று எழுது.

"முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஊரார் பேச்சையெல்லாம் இந்தக் காதுல வாங்கி இணைச்சு விட்டாச்சு, இனிமே எனக்குச் சொல்லணும்னா எழுதுங்க" என்று நீ சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். எனக்கும் இதுவே நல்லது. ஃபோனில் நான் தொண்டையைச் சரிசெய்து முடிப்பதற்குள் எதிர்முனையில் இருப்பவர்கள் "சரி, வச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கிழக்கு ஜன்னலோரம் நீ வைத்துவிட்டுப் போன ஆர்கிட் தொட்டிகளில் ஒன்றில், இலையும் தண்டும் சேரும் இடுக்கில், பஞ்சு பிய்த்து வைத்தாற்போல வெள்ளையாக ஏதோ இருக்கிறது. தலையணைப் பஞ்சு பறந்து வந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கேட்டு வாங்கிவந்தேனே, வரைபடம் பார்க்கும் பூதக்கண்ணாடி, அதை வைத்துப் பார்த்தேன். பஞ்சுக்குக் கால்கள் இருந்தன.

இலையின்மேல் பிசுபிசுப்பு. ஜன்னலின் அகலம் நான்கடி இரண்டங்குலம். அந்த அகலம் முழுக்க எறும்பு வரிசை. வெள்ளையானவை நேற்றுக் காலை பதினேழு, இன்று இருபத்துமூன்று. சரியாக எண்ணினேனா என்று சந்தேகம். சில நகர்ந்துவிட்டன.

உன்னைக் கேட்கலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். "தண்ணி மட்டும் ஊத்துங்க, வேற எதுவும் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். வேறு எதுவும் பண்ணவில்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு மாதம் என்று போனாய். இது ஆறாவது மாதம். குறையாகச் சொல்லவில்லை. காலண்டர் தாளைக் கிழிக்கும்போது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

உன்,
அளவுகோல்

*

மார்ச் 9

அளவுகோலாருக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "பஞ்சுக்குக் கால் இருந்துச்சாம்" என்று திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு "அடியே, இடுப்பு வலிக்குதுடி, நிறுத்து" என்று என்னைத் திட்டினாள். படித்தது நான், எழுதியது நீங்கள், திட்டு எனக்கு. இந்த வீட்டு நியாயம் இப்படித்தான்.

அது மாவுப்பூச்சி. நாலு நாள் யோசித்தீர்களே, அந்த நாலு நாளில் அது பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

அந்தச் செடியை மற்றவற்றிடமிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள், வெளிச்சம் படுகிற இடமாக. மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கிக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் தோய்த்து ஒவ்வொரு பூச்சியாகத் தொடுங்கள். தொட்டதும் வெள்ளை போய்ப் பழுப்பாகும், துடைத்து எடுத்துவிடலாம். இலைக்கு அடியில் பாருங்கள், தண்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் உறைக்குள் பாருங்கள், தொட்டி விளிம்புக்குக் கீழே பாருங்கள். ஒளிந்துகொள்வதில் அதை மிஞ்ச ஆளில்லை, உங்களைத் தவிர. ஏழு நாளைக்கு ஒரு முறையாக நாலு தடவை செய்ய வேண்டும். முட்டை பிறகுதான் பொரியும். ஒரு தடவை துடைத்துவிட்டு முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்பவர்கள்தான் செடியைப் பறிகொடுப்பார்கள். எறும்பையும் விரட்டுங்கள். அந்தப் பிசினைக் குடிப்பதற்காக அது பூச்சியை மாடு மேய்ப்பது போல மேய்க்கும்.

எனக்கு இரண்டு கேள்வி இருக்கிறது. மாவுப்பூச்சி வாசற்கதவைத் தட்டிக்கொண்டு வராது. புதிதாக என்ன கொண்டுவந்தீர்கள்? அடுத்தது, அங்கே ஏழு தொட்டி இருக்கிறது. ஜன்னல் அகலத்தை அங்குலம் வரை எழுதுகிற மனுஷர், எந்தத் தொட்டி என்பதை மட்டும் ஏன் எழுதவில்லை?

இப்படிக்கு,
எக்ஸ்சேஞ்ச்

*

மார்ச் 15

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

ஜனவரியில் உன் பிறந்தநாளுக்கு வருவாய் என்று நினைத்து ஒரு மஞ்சள் ஆர்கிட் வாங்கினேன். ஆறு மொட்டு இருந்தது. "நோய் நொடி அண்டாத ஜாதி சார்" என்றார் கடைக்காரர். நீ வரவில்லை. அது பூத்து உதிர்ந்தது. இப்போது அதன் இலைகளைத் திருப்பிப் பார்த்தால் ஒரு ஊரே குடியிருக்கிறது. புதுச் செடியைச் சில நாள் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அது தனியாக நிற்பது பாவமாக இருந்தது. பக்கத்தில் வைத்தேன். நேற்று அதைப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டாயிற்று.

அது நின்றது வாலுவின் செடிக்குப் பக்கத்தில்.

எழுதாமல் விட்டது மறதியால் அல்ல. நம் மகள் முதல் சம்பளத்தில் வாங்கிவந்து, "பூ அம்மாவுக்கு, இலையை அளக்கிற வேலை அப்பாவுக்கு" என்று மேஜைமேல் வைத்த செடியில் பூச்சி என்று உனக்கு எழுதக் கை வரவில்லை. அவள் போன இந்த மூன்று வருஷமும் அது ஒரு தடவைகூடப் பூக்காமல் இருந்ததில்லை.

முதல் சுற்று முடிந்தது. ஸ்பிரிட் வாங்கப் போனபோது கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், முந்தாநாள் ஒரு பாட்டில், இன்னிக்கு ஒரு பாட்டில். அம்மாவும் ஊர்ல இல்ல. நான் கேக்கக் கூடாது, இருந்தாலும் கேக்கறேன்."

"பூச்சிக்கு" என்றேன்.

"வயித்துப் பூச்சிக்கா? அதுக்கு மாத்திரை இருக்கு சார், இதெல்லாம் வேணாம்."

சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்து விரித்தேன். ஒவ்வொரு இலைக்கும் எண் கொடுத்து, பூச்சி இருந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து வரைந்திருக்கிறேன். அவர் நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்துவிட்டு, "நான் வேற நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஆனா இதுக்கு அதுவே தேவலாம் சார்" என்றார். அதன் நகல் ஒன்றை உனக்கு இணைத்திருக்கிறேன்.

நீ சொன்னதில் ஒன்றை மட்டும் செய்யவில்லை. வேறு அறையில் வையுங்கள் என்றாய். பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் கதவில் கண்ணாடி பதித்திருக்கிறதே, வைத்துவிட்டுக் கதவை மூடி இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நிற்க முடியவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். நோயில்லாத ஆறையும் பின்னறைக்கு மாற்றிவிட்டு, நோயுற்றதை என் நாற்காலி அருகில் வைத்துக்கொண்டேன். பிரிப்பதுதானே முக்கியம், எது எங்கே என்பது அல்லவே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தவறென்றால் எழுது, மாற்றிவிடுகிறேன்.

உன்,
அளவுகோல்

*

மார்ச் 22

அளவுகோலாருக்கு,

தவறில்லை. மாற்ற வேண்டாம்.

வாலுவின் செடி என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கழுவி அடுக்கிய பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடியும் கழுவினேன். அக்கா எட்டிப் பார்த்து ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அவள் கேட்காமல் போனது அவள் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நான் ஏன் திரும்பி வரவில்லை என்று நீங்கள் கேட்டதே இல்லை. கேட்காததால் நானே சொல்கிறேன். அந்த வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்போம். நீங்கள் வாயைத் திறப்பீர்கள். நான் காத்திருப்பேன். "தண்ணி வேணுமா?" என்பீர்கள். மூன்று வருஷமாக எனக்குத் தாகம் எடுக்கவே விடவில்லை நீங்கள். முப்பத்திரண்டு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, லைனில் ஆள் இருக்கிறார், பேசாமல் இருக்கிறார் என்பது மூச்சிலேயே தெரிந்துவிடும். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே இருக்க முடியாமல்தான் அக்காவின் இடுப்பைச் சாக்கு வைத்துக் கிளம்பினேன்.

ஆனால் நல்ல செடிகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு நோயாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று படித்ததும், வரலாம் என்று தோன்றியது. ஏப்ரல் இருபது, மாலை ஐந்து மணிப் பேருந்து. அக்கா இப்போது தடியோடு நன்றாகவே நடக்கிறாள். "போடி, எனக்கும் உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு" என்கிறாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள்.

நான் வரும்வரை அதை உயிரோடு வைத்திருங்கள். அடுத்த சுற்றில் துடைத்து முடித்ததும் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், ஒரு லிட்டருக்கு ஒரு சின்ன ஸ்பூன் சோப்பு. பிறகு நல்ல தண்ணீர். கழுவியதும் செடியைச் சாய்த்து, நடுக்குருத்தில் நிற்கிற தண்ணீரை உடனே துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். உடனே. பூச்சியைவிட அந்தத் தண்ணீர்தான் ஆர்கிட்டைக் கொல்லும்.

இப்படிக்கு,
எக்ஸ்சேஞ்ச்

*

ஏப்ரல் 4

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

மார்ச் 26 காலை பத்தரை மணிக்கு மூன்றாம் சுற்று. துடைத்தேன். சோப்புத் தண்ணீரால் கழுவினேன், பிறகு நல்ல தண்ணீரால். குருத்தில் ஒரு ஸ்பூன் அளவு தண்ணீர் பளபளவென்று நின்றது. துணியைக் கையில் எடுத்தேன். அப்போது ஒரு சந்தேகம்: நீ எழுதியது துணியா, காகிதமா? உன் கடிதத்தை எடுத்துவந்தேன். துணி என்றுதான் இருந்தது. உடனே என்று இரண்டு முறை இருந்தது. அதற்குச் சற்று மேலே, வரலாம் என்று தோன்றியது என்ற வரி இருந்தது. அதைப் படித்தேன். பிறகு முதலிலிருந்து படித்தேன். உட்கார்ந்துகொண்டு படித்தேன்.

எழுந்தபோது மதியம் தாண்டிவிட்டது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே இறங்கியிருக்கிறது. ஐந்தாம் நாள் நடு இலையைத் தொட்டேன். இழுக்கவில்லை, தொட்டேன். கையோடு வந்துவிட்டது. அடி கறுத்து, நாற்றமெடுத்திருந்தது. சுற்றியுள்ள நான்கு இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. ஆனால் குருத்து போய்விட்டால் இனி மேலே இலை விடாது என்று நீ ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது.

கிழித்த மூன்று கடிதமும் இந்த இடத்தில் முடிந்தன. இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. ஆனால் படித்துக்கொண்டு நின்று நான் பிந்தியது இது முதல் தடவை அல்ல.

மருத்துவமனையில் வாலுவைத் தனியறையில் வைத்திருந்த ஒன்பதாம் நாள். ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்று விதி. அந்த ஒருவர் எப்போதும் நீதான். அன்று நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். நான் வழக்கம்போலக் கண்ணாடிக்கு வெளியே. நீ மேலே வந்தபோது, டாக்டர்கள் திரையை இழுத்துவிட்டார்கள், யாரையும் உள்ளே விடவில்லை என்று உன்னிடம் சொன்னேன்.

அது பொய்.

திரையை யாரும் இழுக்கவில்லை. நர்ஸ் கதவைத் திறந்து, "அப்பா, உள்ள வாங்க. உங்களத்தான் கேக்கறா. சீக்கிரம் வாங்க" என்றாள். நான் கை கழுவும் இடத்துக்குப் போனேன். அங்கே சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒன்பது நாளாகப் பார்த்த அறிவிப்புதான். படித்தேன். இருபது வரை எண்ணிக் கழுவச் சொல்லியிருந்தது, எண்ணினேன். அங்கியை மாட்டினேன். முடிச்சு முதுகுப் பக்கம் வரவேண்டும் என்று போட்டிருந்தது. எனக்கு முன்பக்கம் வந்திருந்தது. கழற்றித் திருப்பி மாட்டினேன். "பரவால்லப்பா, அப்படியே வாங்க" என்று நர்ஸ் சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது. முடிச்சைப் போட்டு முடித்தேன்.

உள்ளே போனபோது நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாலுவின் கண்கள் கதவுப் பக்கம் இருந்தன.

விதியை மீறுகிற பயமா, நோய் தொற்றிவிடும் என்ற பயமா, அந்த முகத்தை அருகில் பார்க்கிற பயமா என்று மூன்று வருஷமாகப் பிரித்துப் பார்க்கிறேன். பிரிக்க வரவில்லை. தண்ணி வேணுமா என்று உன்னிடம் கேட்டதெல்லாம் இதைச் சொல்லத்தான்.

இருபதாம் தேதி ஐந்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்பேன்.

உன்,
அளவுகோல்

*

ஏப்ரல் 21

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

ஐந்து மணிப் பேருந்து ஐந்து பதினேழுக்கு வந்தது. முப்பத்தொரு பேர் இறங்கினார்கள். ஒருவேளை தவறவிட்டிருப்பேனோ என்று உள்ளே ஏறிக் கடைசி இருக்கை வரை பார்த்தேன். ஆறரைப் பேருந்தையும் பார்த்தேன்.

"யாரு சார் வரணும்?" என்று கண்டக்டர் கேட்டார்.

யோசிக்காமல் "எக்ஸ்சேஞ்ச்" என்று சொல்லிவிட்டேன்.

"அத மூடி எத்தனையோ வருஷம் ஆச்சே சார்" என்றார் பாவம், அக்கறையாக.

செடியில் நேற்று முன்தினம் இரண்டு பூச்சி, இலை மூன்றின் அடியில். எடுத்துவிட்டேன். தபால் தாமதமாக இருக்கலாம். அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உன்,
அளவுகோல்

*

மே 5

அளவுகோலாருக்கு,

தபால் தாமதம் இல்லை. அக்கா நலம். நான் பையைக் கட்டி வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பினேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதையும் படம் போட்டுச் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருப்பீர்கள். நர்ஸ் கூப்பிட்டும் நீங்கள் பிந்தினீர்கள் என்பதற்காக நான் வராமல் இருக்கவில்லை.

அன்று மருந்து வாங்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வரிசையே இல்லை. வாங்கிக்கொண்டு கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். டீ சொன்னேன். அது ஆறிப்போனதும் இன்னொன்று சொன்னேன். ஒன்பது நாள் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தவளுக்கு, கொஞ்ச நேரம் எண்ணாமல் இருக்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் ஆசை. மாடிப்படி கண்ணெதிரே தெரிந்தது. ஏறவில்லை. நாற்பது நிமிஷம்.

ஏறி வந்தபோது, "யாரையும் உள்ள விடல" என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தையைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் இந்த மூன்று வருஷமும் படுத்தேன். யாரையும் விடவில்லை என்றால் நான் இருந்திருந்தாலும் வெளியேதான் நின்றிருப்பேன். அப்படியானால் நான் டீ குடித்ததால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. நீங்கள் வாயைத் திறந்தபோதெல்லாம், "அவ்வளவு நேரம் எங்க போயிருந்தே?" என்று கேட்கப் போகிறீர்கள் என்றுதான் பயந்தேன். உங்கள் மூச்சைக் கேட்டேன் என்று பெருமையாக எழுதினேனே, அதைத் தவறாகத்தான் கேட்டிருக்கிறேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிட்டீர்கள். கதவு திறந்திருந்தது. நான் மேலே இருந்திருந்தால் உங்களை ஏன் கூப்பிடப் போகிறார்கள்? நான் உள்ளேயே இருந்திருப்பேன். வெளியே இருந்திருந்தாலும் ஓடியிருப்பேன். கைகூடக் கழுவியிருக்க மாட்டேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் பேருந்தேறி வந்து, இரண்டு நாள் கத்தித் தீர்த்துவிட்டு, மூன்றாம் நாள் சமைத்திருப்பேன். என் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு அந்த முடிச்சு நினைவுக்கு வரும். உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்த டீ கிளாஸ். பூச்சி பிடித்த இரண்டு செடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றிலிருந்து எடுத்தது மற்றதற்குத்தான் போகும். பிரித்து வைப்பதுதான் முறை என்று நானே உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். பழுப்புச் சால்வையை மட்டும் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புங்கள். பதில் எழுத வேண்டாம். உங்களால் வேளைக்குச் சாப்பிட முடியும், மாத்திரை மறக்காது, அதெல்லாம் தெரியும். கவலைப்படுவதற்குக்கூட இடம் வைக்காத மனுஷர் நீங்கள்.

ஏழு நாளைக்கு ஒரு முறை என்று சொன்னேன். குருத்து போய்விட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். பூச்சிக்கு அது தெரியாது.

எக்ஸ்சேஞ்ச்

*

மே 14

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். நீ சொன்னதை மீறி எனக்குப் பழக்கமில்லை, ஆகையால் இது எப்படி முடியும் என்று தெரியவில்லை. செடியைப் பற்றிய தகவல் என்று மட்டும் எடுத்துக்கொள்.

சால்வையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் அடுத்த வாரம் சரக்கு எடுக்க உங்கள் பக்கம் வருகிறார், கொடுத்தனுப்புகிறேன். "அம்மா எப்ப சார் வராங்க?" என்று கேட்டார். அங்கேயே இருக்கிறாள் என்றேன். பஞ்சுக்குச்சிப் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இது சும்மா வச்சுக்கோங்க" என்றார்.

ஆறு செடிகளும் நலம். பின்னறையிலிருந்து ஜன்னலுக்குத் திரும்பிவிட்டன. வாலுவின் செடிக்கு இன்று பத்தாவது சுற்று. மூன்று வாரமாகப் பூச்சி இல்லை. எறும்பும் இல்லை. படம் வரைந்தேன், வைக்கப் புள்ளி ஒன்றும் இல்லாததால் வெறும் இலைகள்தான் இருக்கின்றன. கேன்டீனைப் பற்றி நீ எழுதியதை ஒரு தடவைதான் படித்தேன். நீ அங்கே உட்கார்ந்திருந்ததில் எனக்கு ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. இதை உன் எதிரே உட்கார்ந்து சொல்லியிருந்தால் "தண்ணி வேணுமா" என்றுதான் வந்திருக்கும். அதனால் எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை ஒரே தடவைதான் எழுதுகிறேன். தபால்பெட்டியை நான்கு மணிக்குத் திறப்பார்கள், இப்போது மூன்று நாற்பது. திரும்பப் படித்தால் அனுப்ப மாட்டேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. அடித்தண்டில், கடைசி இலைக்குக் கீழே, அரிசி அளவில் ஒரு பச்சை முனை தெரிகிறது. வேராக இருக்கலாம். பக்கக் கன்றாகவும் இருக்கலாம். உனக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கும். பூதக்கண்ணாடி இழுப்பறையில்தான் இருக்கிறது, எடுக்கவில்லை. தோட்டப் புத்தகத்தையும் திறக்கவில்லை. செய்தித்தாள் படித்த மசி விரலெல்லாம் இருந்தது. கழுவப் போகாமல் அப்படியே தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

உன்,
அளவுகோல்